நுரையீரலும் குடலும்

கும்பகோணம்
18.1.2026

அன்புள்ள கயல்,

மாமா எழுதுகிறேன். பொங்கலுக்கு நீ வராத குறை அக்காவுக்கு இன்னும் தீரவில்லை. "எலிக்கெல்லாம் லீவு கிடையாதாம்" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தே ஆற்றிக்கொள்கிறாள். நேற்று காபி குடிக்கும்போது திடீரென்று என் பக்கம் திரும்பி, "ஏண்டா, இவ வீசிங்கைப் பத்திப் படிக்கிறாளா, வயித்துப்போக்கைப் பத்திப் படிக்கிறாளா? ரெண்டையும் சேத்து யாராச்சும் படிப்பாங்களா?" என்று கேட்டாள்.

போனில் நீ கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். சேர்ந்த புதிதில் இரண்டு உறுப்பையும் ஒரே தீசிஸில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், எதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பது என்று திணறுகிறாய். போனில் சொன்னால் பாதியில் நீ "சரி மாமா, சென்ட்ரிஃப்யூஜ் நின்னுடுச்சு" என்று ஓடிவிடுகிறாய். அதனால் எழுதிவிடுகிறேன். ரிட்டயர் ஆன பேத்தாலஜிக்காரனுக்கு வேறு வேலையும் இல்லை.

அக்காவுக்குச் சொன்ன பதிலை முதலில் உனக்கும் சொல்கிறேன். கருவுக்கு நாலு வாரம் ஆகும்போது அதன் முன்குடல் சுவரிலிருந்து சின்னதாக ஒரு மொட்டு கிளம்புகிறது. அதுதான் கிளை விட்டு மூச்சுக்குழாயாகவும் நுரையீரலாகவும் ஆகிறது. ஆக, நுரையீரல் என்பதே குடலிலிருந்து பிரிந்து போன பங்காளிதான். பிரிந்தாலும் இரண்டுக்கும் உள்ள தலைவலி ஒன்று. வெளியுலகம் தினமும் இந்த இரண்டின் வழியாகத்தான் உடம்புக்குள் வந்து போகிறது. சோறு, தூசி, மகரந்தம், பூஞ்சை, எண்ணிலடங்காத பாக்டீரியா. குடலில் இவற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையே இருப்பது ஒற்றை அடுக்குச் செல்சுவர். வருவதில் பெரும்பகுதியைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும், ஆபத்தானதை மட்டும் பிடிக்க வேண்டும். பிடிப்பதைப் பற்றி நாங்கள் படித்த காலத்தில் புத்தகம் புத்தகமாக இருந்தது. கண்டுகொள்ளாமல் விடுவதும் உடம்பு உழைத்துச் செய்கிற வேலை என்பது பிறகுதான் புரிய ஆரம்பித்தது. அதற்கென்றே இருக்கிற ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்காகத்தான் போன வருஷம் சாகாகுச்சி, மேரி புருன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் நோபல் கொடுத்தார்கள்.

அந்தச் செல்களின் தலைமை மரபணு ஃபாக்ஸ்பி3. அது பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற நோய் வரும். நிற்காத பேதி, தோல் முழுக்க எக்சிமா, பச்சைக் குழந்தையிலேயே சர்க்கரை நோய், ரத்தத்தில் அலர்ஜி ஆன்டிபாடியான ஐஜிஇ எக்கச்சக்கம். குடலும் அலர்ஜியும் ஒரே மரபணுவில் மாட்டிக்கொண்டு நிற்பதை அங்கேயே பார்க்கலாம். ஆனால் உன் தீசிஸுக்கு நேரடியாக உதவக்கூடியது வேறொன்று. நியூயார்க்கில் அலெக்சாண்டர் ருடென்ஸ்கியின் குழு 2012இல் வெளியிட்ட வேலை. இந்த ஒழுங்குபடுத்தும் செல்களில் ஒரு பகுதி தைமஸிலேயே உருவாகிறது. இன்னொரு பகுதி, சாதாரண டி செல்லாக வெளியே வந்து, குடல் போன்ற இடங்களில் மனம் மாறி ஒழுங்குபடுத்தும் செல்லாகிறது. ஃபாக்ஸ்பி3 மரபணுவுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுத் துண்டை நீக்கி, இந்த இரண்டாவது வகை மட்டும் சரியாக உருவாகாத எலிகளை அவர்கள் வளர்த்தார்கள். உடம்பு முழுக்க ஆட்டோஇம்யூன் நோய் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். வரவில்லை. யாரும் எதையும் ஊசி போடாமல், தானாகவே, இரண்டே இடங்களில் அலர்ஜி வகை அழற்சி வந்தது. ஒன்று குடல், இன்னொன்று நுரையீரல். உன் கைடு இரண்டையும் ஏன் சேர்த்துக் கட்டினார் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள். 2018இல் அமெரிக்காவின் என்ஐஎச்சில் ரொனால்ட் ஜெர்மெயின் குழு, எலியின் குடலில் தூண்டிவிடப்பட்ட ஒருவகைச் செல்கள், இரண்டாம் வகை இன்னேட் லிம்ஃபாய்டு செல்கள், ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கே போய் இறங்குவதைக் காட்டியது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போக்குவரத்தே உண்டு என்று ஆயிற்று.

இதுவரை சொன்னது சுலபமான பாகம். இனிமேல் சொல்லப்போவதுதான் நான் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம்.

என் சர்வீஸ் முழுக்க ஹெமடாக்சிலின்-ஈசின் ஸ்லைடுகளைப் பார்த்தே கண் தேய்ந்தவன் நான். 1879இல் பால் எர்லிக் ஈசின் சாயத்தை விட்டுப் பார்த்தபோது சில வெள்ளணுக்கள் மட்டும் அதைக் குடித்துச் சிவந்தன. அந்த ஈசினோஃபிலைத்தான் எங்கள் பக்கத்தில் ஜனங்கள் நோயின் பேராகவே ஆக்கிவிட்டார்கள். "எனக்கு ஈஸ்னோபீலியா சார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார்கள். அதில் நியாயமும் இருந்தது. யானைக்கால் கொசு ஆண்ட ஊர் இது. ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் ஆரம்பித்தால் விடியும்வரை நிற்காது. மார்புப் படத்தில் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். டிபி என்று சந்தேகப்பட்டுச் சளியைப் பார்த்தால் கிருமி இருக்காது. ரத்தத்தில் ஈசினோஃபில் மைக்ரோ லிட்டருக்கு மூவாயிரத்தைத் தாண்டி நிற்கும். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில், ஆரோக்கியவரம் சானடோரியத்தில், ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940இல் இதை முதலில் எழுதினார்கள். மூன்று வருஷம் கழித்து வைன்கார்ட்டன் அதற்கு டிராபிகல் ஈசினோஃபிலியா என்று பேர் வைத்தார். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கிக்கொள்வதும், அதற்கு உடம்பு மிதமிஞ்சிக் கொந்தளிப்பதும்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ரத்தத்தில் புழுக்குஞ்சைத் தேடினால் கிடைக்காது. மூன்று வாரம் டைஎதில்கார்பமசின் கொடுத்தால் நோயாளி எழுந்து நடமாடிவிடுவார்.

1980களில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் விஜயனும் அமெரிக்காவின் ரொனால்ட் கிறிஸ்டல் குழுவும் சேர்ந்து இந்த நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைப் பார்த்தார்கள். வந்த செல்களில் பாதியளவு ஈசினோஃபில். மருந்து கொடுத்ததும் மடமடவென்று குறைந்தது. எனக்கு அப்போது அது கீதை மாதிரி. செல் வந்தது, நோய் வந்தது. செல் போனது, நோய் போனது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அதே ஆட்கள் தொடர்ந்து பார்த்தபோது, குணமானதாக அனுப்பிய சிலரின் நுரையீரலில் மெல்லிய அழற்சி மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. அந்த இரண்டாவது கட்டுரையை எங்கள் டிபார்ட்மெண்டில் யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

திருவிழாக் கூட்டத்தில் ஒருத்தியின் சங்கிலி அறுந்தால், பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்டு நின்றவனைத்தான் ஜனம் முதலில் மொத்தும். ஈசினோஃபிலுக்கு நூறு வருஷமாக அந்தச் சிவப்புச் சட்டை. சில நேரம் அவன் திருடன்தான், அதுதான் சங்கடம். ஆஸ்துமாவில் நடந்ததைப் பார். ஈசினோஃபிலை வளர்த்து உயிரோடு வைத்திருப்பது இன்டர்லூக்கின்-5. அதைத் தடுக்கும் ஆன்டிபாடியை 2000இல் லண்டனில் லேசான ஆஸ்துமா உள்ள 24 பேரிடம் சோதித்தார்கள். ரத்தத்திலும் சளியிலும் ஈசினோஃபில் விழுந்தது. மூச்சுக்குழாயின் எரிச்சல் துளியும் குறையவில்லை. 2007இல் 362 பேரிடம் செய்ததும் ஏமாற்றம். செல்லை நிரபராதி என்று விடுவித்து, மருந்தையும் மூட்டை கட்டப் பார்த்தார்கள். 2009இல் கனடாவின் ஹாமில்டனில் பரமேஸ்வரன் நாயர் குழுவும் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு குழுவும் கேள்வியை மாற்றிக் கேட்டன. ஸ்டீராய்டு கொடுத்தும் சளியில் ஈசினோஃபில் குறையாத, அடிக்கடி அட்டாக் வருகிறவர்களை மட்டும் பொறுக்கியெடுத்தார்கள். ஒன்றில் 20 பேர், இன்னொன்றில் 61 பேர். அட்டாக் கண்கூடாகக் குறைந்தது. அந்த மருந்துதான் 2015இல் மெபோலிசுமாப் என்று அங்கீகாரம் பெற்றது. அதே மருந்து, அதே செல். ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததும், மூச்சு அளவை விட்டுவிட்டு அட்டாக்கை எண்ணியதும்தான் வித்தியாசம்.

இப்போது உணவுக்குழாய்க்கு வா. ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் என்று ஒரு நோய். உணவுக்குழாய்ச் சுவரில் ஈசினோஃபில் மொய்த்து, விழுங்கினால் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். நோயின் பேரிலேயே குற்றவாளி இருக்கிறான். ஆஸ்துமாவில் ஈசினோஃபிலைத் துடைத்தெடுக்கும் பென்ராலிசுமாப் என்ற மருந்தை இவர்களுக்குக் கொடுத்தார்கள். 2024இல் முடிவு வந்தது. மருந்து வாங்கியவர்களில் 87 சதவீதம் பேருக்குத் திசுவில் ஈசினோஃபில் ஏறக்குறையக் காணாமல் போனது. போலி மருந்து வாங்கியவர்களில் அது ஆறேழு சதவீதம்தான். ஸ்லைடை மட்டும் பார்த்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன். நோயாளிகளைக் கேட்டால் விழுங்குவதில் ஒரு முன்னேற்றமும் இல்லை. ஆனால் இன்டர்லூக்கின்-4, 13 இரண்டின் வாசலையும் அடைக்கும் டுபிலுமாப், திசுவையும் ஆற்றி விழுங்குவதையும் எளிதாக்கி, 2022லேயே இந்த நோய்க்கு அங்கீகாரம் வாங்கிவிட்டது. நுரையீரலில் பாதிக் குற்றத்துக்குப் பொறுப்பான செல், உணவுக்குழாயில் வெறுமனே நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் என்ற சமிக்ஞையின் கதையும் இப்படித்தான். அதைத் தடுத்தால் குடல் அழற்சி அடங்கும். கோலிமுமாப் என்ற ஆன்டிபாடி 2013இல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு வந்தது. அதையே கடும் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பலன் இல்லை, கடுமையான தொற்றுகளும் புற்றுநோயும் தலைகாட்டின. குரோன்ஸ் நோயில் இன்டர்லூக்கின்-17ஐ அடைத்தவர்களுக்கு 2012இல் இன்னும் மோசமான அனுபவம்: நோய் கூடியது. குடலில் அது சுவரைக் காக்கும் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பங்காளி வீடுகள்தான் என்றாலும் வீட்டு நடைமுறை வேறு வேறு. அதனால் உன் எலியின் நுரையீரலில் ஒரு செல் கூடியிருக்கிறது, பெருங்குடலிலும் கூடியிருக்கிறது என்று இரண்டு பார் கிராஃப் போட்டு எனக்கு அனுப்பினாய் அல்லவா, அதைப் பார்த்து நான் "சந்தோஷம்" என்று மட்டும் பதில் போட்டதற்குக் காரணம் இதுதான். அங்கே இருக்கிறது என்பது சாட்சி ஆகாது. எப்போது வந்தது, எடுத்துவிட்டால் என்ன ஆகிறது, இந்த உறுப்பில் என்ன ஆகிறது, அந்த உறுப்பில் என்ன ஆகிறது என்று நாலையும் தனித்தனியாகக் காட்டினால்தான் பேத்தாலஜிக்காரன் வாய் திறப்பான்.

இப்போது உன் செல்லுக்கு வருகிறேன். என்கேடி செல்லை நீ தேர்ந்தெடுத்தாயா, அது உன்னைத் தேர்ந்தெடுத்ததா தெரியவில்லை. அதைப் போல விவகாரம் பிடித்த செல் இல்லை. மற்ற டி செல்கள் புரதத் துண்டைப் பார்க்கும், இது கொழுப்பைப் பார்க்கும். சிடி1டி என்ற தட்டில் வைத்து நீட்டினால்தான் தொடும். தொட்டால் சில மணி நேரத்துக்குள் இன்டர்லூக்கின்-4, 13, இன்டர்ஃபெரான் எல்லாவற்றையும் கொட்டும். அதற்குப் பிடித்த கொழுப்பு கிடைத்த கதை சுவாரஸ்யமானது. ஜப்பானில் கிரின் என்ற பீர் கம்பெனியின் மருந்துப் பிரிவு, புற்றுநோய் மருந்து தேடி ஓகினாவா கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சைப் பிழிந்தது. அதில் கிடைத்த ஆல்ஃபா-கேலக்டோசில்செரமைடுதான் என்கேடி செல்லைத் தட்டி எழுப்புகிறது என்பது 1997இல் தெரிந்தது. இன்று நீ குப்பியிலிருந்து எடுத்து எலிக்குப் போடுகிறாயே, அதே சரக்கு. கடற்பஞ்சிலிருந்து எலி ஆஸ்துமாவுக்கு வந்து சேர்ந்த பாதையை யாராவது தமிழில் விரிவாக எழுதினால் நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.

2003இல் எலிகளில் இந்தச் செல் இல்லாவிட்டால் ஆஸ்துமா மாதிரி நோய் வருவதில்லை என்று காட்டினார்கள். உடனே மனிதரைப் பார்க்க வேண்டும் அல்லவா? 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. நடுத்தரம் முதல் கடுமை வரையிலான ஆஸ்துமா உள்ளவர்களின் நுரையீரலில் இருக்கும் சிடி4 டி செல்களில் சுமார் 60 சதவீதம் என்கேடி செல்கள்தான் என்று. நான் அதைப் படித்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன், உன் அம்மா உட்பட. ஆஸ்துமா பாடத்தையே திருப்பி எழுத வேண்டும் என்ற நிலை. அடுத்த வருஷம், அதே பத்திரிகையில், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து விஜயானந்த் என்ற இளைஞரின் கட்டுரை. அவர்கள் எண்ணியதில் 2 சதவீதம்கூட இல்லை. ஆஸ்துமாக்காரர், புகையால் நுரையீரல் கெட்டவர், நோயில்லாதவர் எல்லோரிடமும் ஒரே அளவு.

60 எங்கே, 2 எங்கே? ஃப்ளோ சைட்டோமீட்டரில் உட்காரும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள். நுரையீரல் கழுவிய நீரில் மேக்ரோஃபேஜ் நிறைய வரும், அதுவும் சிகரெட் பிடித்தவரிடமிருந்து என்றால் கேட்கவே வேண்டாம். அது சாயம் போடாமலே ஒளிரும். எந்த ஆன்டிபாடி கொடுத்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். எங்கே கோடு போட்டு எந்தப் புள்ளிகளை "பாசிட்டிவ்" என்று எண்ணுகிறோம் என்பதில் பாதி விடை அடங்கிவிடுகிறது. என் ஊகத்தில் அந்தச் சண்டையின் வேர் அங்கேதான். எந்த லேபும் பொய் சொல்லியது என்று நான் நினைக்கவில்லை.

குடல் பக்கத்திலும் கதை ஏறி இறங்கியிருக்கிறது. எலியின் தோலில் முதலில் ஆக்சசோலோனைத் தடவி, பிறகு ஆல்கஹாலில் கலந்து பின்வழியே கொடுத்தால் பெருங்குடல் வெந்து போகும். அதில் வில்லன் என்கேடி செல் கொட்டும் இன்டர்லூக்கின்-13 என்று வாரன் ஸ்ட்ரோபரின் குழு 2002இல் காட்டியது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளின் குடலிலும் அந்தச் செல்லுக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு வகை இன்டர்லூக்கின்-13ஐக் கொட்டுகிறது என்று 2004இல் வந்தது. அப்படியானால் இன்டர்லூக்கின்-13ஐ அடைத்துவிட்டால் போதுமே? இரண்டு வெவ்வேறு ஆன்டிபாடிகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். இரண்டுமே வைத்த இலக்கைத் தொடவில்லை.

இவ்வளவு அடி வாங்கியும் இந்தச் செல்லை நான் கைவிடவில்லை என்றால், அதற்குக் காரணம் ஒரே ஒரு வேலை. பாஸ்டனில் ரிச்சர்ட் ப்ளம்பர்க் குழு 2012இல் சயன்ஸ் பத்திரிகையில் எழுதியது. நீ படித்திருப்பாய், இருந்தாலும் நான் எதை ரசித்தேன் என்று சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து ஒரு பாக்டீரியாகூடத் தொடாமல் வளர்த்த எலிகளை எடுத்தார்கள். அவற்றின் பெருங்குடலிலும் நுரையீரலிலும் என்கேடி செல்கள் வழக்கத்தைவிடக் குவிந்திருந்தன. ஆக்சசோலோன் கொடுத்தால் குடல் அதிகமாக வெந்தது. முட்டை வெள்ளைப் புரதத்தால் ஆஸ்துமா வரவழைத்தால் நுரையீரல் அதிகமாக வீங்கியது. சிடி1டியை மறித்தால் அந்த மிகை அடங்கியது. இரண்டு உறுப்பு, இரண்டு நோய், ஒரு செல், எடுத்துப் பார்த்த சாட்சியும் உண்டு.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட நல்ல கட்டுரைதான். அவர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள். இந்த எலிகளுக்குச் சாதாரண எலியின் பாக்டீரியாவைக் கொடுத்தால் சரியாகுமா? வளர்ந்த எலிக்குக் கொடுத்தார்கள். பாக்டீரியா குடியேறியது, செல் குவிப்பு குறையவில்லை, நோயும் குறையவில்லை. பிறந்த கையோடு பாக்டீரியா சேரும்படி செய்தார்கள். குட்டிகள் வளர்ந்த பிறகும் பாதுகாப்பாக இருந்தன. அந்தச் செல்களை இழுத்து வரும் சிஎக்ஸ்சிஎல்16 என்ற சமிக்ஞையின் மரபணுவில், ஆரம்ப நாட்களில் பாக்டீரியா தொடாவிட்டால், வேதிக் குறி வேறு மாதிரி விழுந்து அப்படியே நின்றுவிடுகிறது. அதே வருஷம் கனடாவில் பிரெட் ஃபின்லேயின் குழுவும், எலிக்குட்டிகளுக்கு ஆரம்பத்திலேயே வான்கோமைசின் கொடுத்தால் பின்னால் ஆஸ்துமா கடுமையாகிறது, வளர்ந்த எலிக்குக் கொடுத்தால் அப்படி இல்லை என்று எழுதியது. 2014இல் பாஸ்டன்காரர்கள் இன்னும் நெருங்கி, பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸ் என்ற குடல் பாக்டீரியா செய்யும் ஒரு ஸ்ஃபிங்கோலிப்பிடு, பச்சைக்குட்டிப் பருவத்தில் கிடைத்தால், பெருங்குடலில் இந்தச் செல்கள் பெருகாமல் தடுக்கிறது என்றார்கள். கடற்பஞ்சில் கிடைத்ததற்குத் தூரத்து உறவான கொழுப்பை நம் வயிற்றுப் பாக்டீரியாவே செய்துகொண்டிருக்கிறது!

என் கணிப்பில் உன் தீசிஸ் உட்கார வேண்டிய இடம் இதுதான். செல்லின் எண்ணிக்கையை விட்டுவிட்டு வயதைப் பிடி. எந்த வயதில் அந்த வாசல் மூடுகிறது? குடலில் மூடும் நாளும் நுரையீரலில் மூடும் நாளும் ஒன்றா? குடலுக்கு மட்டும் பாக்டீரியா போய், மூச்சுக்குழாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் நுரையீரல் எப்படி நடந்துகொள்கிறது? இவற்றுக்கு விடை சொன்னால் பார் கிராஃப் இல்லாமலே உன்னை மதிப்பார்கள்.

எலியை நம்பி மனிதருக்குத் தாவுவதில் எனக்குள்ள பயத்தையும் சொல்லிவிடுகிறேன். எலியின் கல்லீரலில் லிம்ஃபோசைட்டுகளில் நாலில் ஒரு பங்கு வரை என்கேடி செல்லாக இருக்கும். மனித ரத்தத்தில் டி செல்களில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் தேட வேண்டும். உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் முட்டை வெள்ளையை அலுமினிய உப்போடு வயிற்றில் ஊசி போட்டு ஆஸ்துமா வருவதில்லை. அதோடு லேப் எலி சுத்தமோ சுத்தம். மின்னசோட்டாவில் டேவிட் மசோபஸ்ட் குழு 2016இல் பார்த்தபோது, லேப் எலியின் எதிர்ப்பு மண்டலம் மனிதப் பச்சைக்குழந்தையின் மண்டலத்தைப் போலவும், கடையில் வாங்கிய அழுக்கு எலியினுடையது வளர்ந்த மனிதரைப் போலவும் இருந்தது.

மனிதரிடம் இந்தப் பக்கம் சாய்கிற சான்று இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். பூர்வீகம், சாப்பாடு எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் குடும்பங்கள் வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டில் வைத்துக் குதிரையால் உழுகிறவர்கள், ஹட்டரைட்டுகள் பெரிய இயந்திரப் பண்ணைக்காரர்கள். 2016இல் ஒப்பிட்டபோது ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அந்தத் தூசியை எலியின் மூக்கில் விட்டால் எலிக்கும் ஆஸ்துமா வரவில்லை. ஆனால் அவர்கள் அங்கே கண்ட பாதுகாப்பு பெரும்பாலும் பிறவி எதிர்ப்பாற்றல் வழியாக வந்தது. உன் செல் அதில் கதாநாயகன் இல்லை.

அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப குழந்தைங்கள மாட்டுக் கொட்டாயில விட்டா போதுமா?" என்றாள். மனுஷி இப்படித்தான் நேராக மூளையில் குத்துகிறாள். போதாது என்றுதான் சொன்னேன். அதே மண்ணில்தான் கொக்கிப்புழுவும் டைஃபாய்டும் இருந்தன. நம் ஊரில் அது குழந்தைகளைக் கொண்டுபோன கணக்கை மறந்துவிட்டு அழுக்கைக் கும்பிட நான் தயாரில்லை. சாதாரணச் சளிக்கெல்லாம் கைக்குழந்தைக்கு ஆன்டிபயாடிக் சிரப் ஊற்றாமல் இருந்தாலே பெரிய காரியம். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி என்று டிவியில் விற்கிறானே, அதை வீசிங் உள்ள பிள்ளைக்குக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பிள்ளைக்குக் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது?

கடைசியாக வேலை சம்பந்தமாக மூன்று விஷயம். எலிகளை எந்தக் கம்பெனியிலிருந்து வாங்கினீர்கள் என்பதை நோட்டில் தேதியோடு எழுதி வை. 2009இல் நியூயார்க்கின் டான் லிட்மன் லேபில், ஒரே ரக எலி, ஒரு கம்பெனியிலிருந்து வந்ததில் டிஎச்17 என்ற வகை டி செல் நிறைய, இன்னொரு கம்பெனியிலிருந்து வந்ததில் மிகக் குறைவு. காரணம் குடலில் இருந்த ஒரே ஒரு இழை பாக்டீரியா. அது தெரியாமல் எத்தனை பேர் எத்தனை கட்டுரை எழுதியிருப்பார்கள் என்று யோசி. அடுத்தது, குட்டிகளைக் கூண்டு மாற்றும்போது எந்த வயதில் மாற்றினாய், தாய் யார், கூடப் பிறந்தவை எங்கே போயின என்பதெல்லாம் தகவல், அதைத் துப்புரவுக்காரர் கையில் விடாதே. மூன்றாவது, ஸ்லைடு வெட்டு. ஃப்ளோ சைட்டோமீட்டர் செல்லை எண்ணும், அது எங்கே உட்கார்ந்திருந்தது என்று சொல்லாது. நுரையீரலில் மூச்சுக்குழாயைச் சுற்றியா, ரத்தக்குழாயைச் சுற்றியா, குடலில் மேல்சுவரிலா, அடியிலா என்பது எனக்குத் தெரிய வேண்டும். படம் எடுத்து அனுப்பு, என் கண் இன்னும் அவ்வளவு மோசமில்லை.

அந்த 2006, 2007 கட்டுரைகளை உன் ஜர்னல் கிளப்பில் சேர்த்தே எடு. 2007ஐ முதலில் படி.

அன்புடன்,
மாமா

பி.கு: உன் அம்மா ஸ்டீராய்டு இன்ஹேலரை இரைக்கும்போது மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற நாளில் அலமாரியில் வைத்துவிடுகிறாள். பழகிவிடும் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாளாம். மூச்சுக்குழாயில் ஈசினோஃபில் குவியாமல் பார்த்துக்கொள்வதே தினமும் உறிஞ்சுகிற அந்த மருந்துதான், இரைக்கும்போது மட்டும் எடுத்தால் முழுப் பலன் கிடைக்காது என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். தம்பி பேச்சு அவளுக்கு எடுபடாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நீ சொல்.